திரும்பிப் பார்க்காதவர்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி என்று ஒன்றும் இல்லை. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் முழங்கால் அவரை மாடிப்படி ஏற விடுகிறதா?

"போன்ல பேசாத, எழுது. போன்ல நீ நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சிடுவ" என்று செய்தி அனுப்பியிருந்தாய். சரி என்று தபால் நிலையத்துக்குப் போனேன். உறை கேட்டதும் அங்கிருந்த பெண் என்னை அருங்காட்சியகத்திலிருந்து தப்பி வந்தவனைப் போலப் பார்த்தாள்.

நடந்ததை என் வீட்டுக்காரி உனக்குச் சொல்லியிருப்பாள். இருந்தாலும் நான் என் வாயால் சொன்னதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நல்ல வெயில். கிடங்குகளைத் தாண்டியதும் ஒரு வளைவு வரும். அதில் திரும்பியதும் தண்டவாளத்துக்கு நடுவே ஒருவர் நடந்து போவது தெரிந்தது. முதுகு என் பக்கம். ஒரு கையில் பெயின்ட் வாளி, தோளில் நீளமான குச்சி. அந்த இடத்தில் ஆட்கள் குறுக்கே நடப்பது வழக்கம்தான். ஹார்ன் அடித்தால் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சலித்துக்கொண்டு ஒதுங்குவார்கள். அடித்தேன். அவர் ஒதுங்கவில்லை. பிரேக்கைப் போட்டுவிட்டு, ஹார்னிலிருந்து கை எடுக்காமல் அடித்தேன். என் உதவி ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி "யோவ், யோவ்" என்று கத்தினான். அத்தனை பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரும் வண்டி நாம் நினைத்த இடத்தில் நிற்காது, அக்கா. அவர் சொந்த வீட்டு நடையில் போகிறவர் மாதிரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்.

நான் கண்ணை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

அப்புறம் கண்ணாடி முழுக்க வெள்ளை. வாளியில் இருந்த பெயின்ட். வண்டி நிற்கும்வரை வெளியே எதுவுமே தெரியவில்லை. வெள்ளையைப் பார்த்துக்கொண்டே போனோம்.

விசாரணையில் என்மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். விடுப்பும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு விளங்காதது ஒன்றுதான். அவர் ஏன் ஒதுங்கவில்லை? நான் அடித்தது போதவில்லையா?

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 19

என் அருமை வண்டிக்காரா,

நாங்கள் இருவரும் சுகம். மாமாவின் முழங்கால் அவரைவிடப் பிடிவாதக்காரன், அப்படியேதான் இருக்கிறான். நீ சாப்பிடுகிறாயா?

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தினமும் கோர்ட்டில் அடுத்தவர் பேச்சைச் சுருக்கெழுத்தில் பிடித்துப் பிடித்து, சொந்தப் பேச்சே சுருங்கிப் போயிற்று. ஆனால் இரண்டு வருஷமாகப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் ஒன்று படித்துக்கொண்டு வருகிறேன். ஸ்டோயிக் தத்துவம் என்று பெயர். ரொம்பப் பழையது. சொல்வது எளிது. உலகத்தில் உள்ளதையெல்லாம் இரண்டு கூடையில் போடு என்கிறார்கள். ஒன்று நம் கையில் இருப்பது. நாம் நினைப்பது, எடுக்கும் முடிவு, செய்யும் காரியம், இவ்வளவுதான் அதில். மற்றதெல்லாம் அடுத்த கூடை. உடம்பு, பேர், மற்றவர்கள், சாவு, எல்லாம்.

கேட்கும்போது இதென்ன பிரமாதம் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தக் காலத்துக்கு இது எவ்வளவு தேவை என்று எங்கள் கோர்ட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்து பார். அத்தனை பேர் கையிலும் போன். உலகத்தின் எந்த மூலையில் எது எரிந்தாலும் உச்சுக் கொட்டுகிறோம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம் வாடியிருப்பது கண்ணில் படுவதில்லை. அடுத்தவன் மாறினால் நான் நிம்மதியாக இருப்பேன் என்று சொல்லித்தான் எல்லா வழக்கும் வருகிறது.

உன் கையில் இருந்தது ஹார்னும் பிரேக்கும். இரண்டையும் செய்தாய். வண்டி நிற்பது உன் கூடையில் இல்லை. அதைத் தூக்கி அந்தப் பக்கம் போடு.

ஒன்று மட்டும் சொல். அவர் திரும்பிப் பார்த்தாரா? ஒரு தடவையாவது?

நேரத்துக்குச் சாப்பிடு. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு.

அக்கா

மார்ச் 2

அக்காவுக்கு,

உடம்பு இருக்கிறது. நீங்கள் இருவரும் சுகந்தானே?

இல்லை. அவர் திரும்பவே இல்லை. கழுத்துகூட அசையவில்லை. அதை ஏன் கேட்டாய் என்று தெரியவில்லை. கேட்டதிலிருந்து அந்தக் கழுத்துதான் கண்ணில் நிற்கிறது.

மன ஆலோசகரிடம் இரண்டு தடவை போய்விட்டேன். நல்ல பெண். என்னைப் பேச வைக்கப் பார்த்தாள். நான் அவளுக்கு பிரேக் எப்படி வேலை செய்யும் என்று விளக்கிவிட்டு வந்தேன்.

போன வாரம் மனசு கேட்காமல் உனக்கு போன் செய்தேன் அல்லவா, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். "அக்கா, தூக்கம் வரமாட்டேங்குது" என்றேன். நீ, "துக்கம் வரும்போது வரும்டா. அதை வா வான்னு நீ ஏன் கூப்பிடற?" என்றாய். அடுத்த நிமிஷம், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டாய். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரி "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். "தத்துவம் சொன்னாங்க" என்றேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் கூடைக்கணக்கு எனக்குப் புரிகிறது. என் கைக்குத்தான் புரியவில்லை. காபி டம்ளரைப் பிடித்தால்கூட பிரேக்கைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறது.

ஆபீஸ் எப்படிப் போகிறது? இப்போதும் அந்த முசுட்டு ஜட்ஜுக்குத்தான் ஸ்டெனோவா?

தம்பி

மார்ச் 27

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே இருவரும் நலம். உன் தூக்கம் இப்போது எப்படி?

ஆபீஸில் மாற்றம். கோர்ட்டு அறையை விட்டு நகல் பிரிவுக்கு வந்துவிட்டேன். நானே கேட்டு வாங்கியதுதான். நாள் முழுக்கக் காகிதத்தைப் பார்த்துக் காகிதம் தயாரிக்க வேண்டும். யாரும் பேச மாட்டார்கள். நிம்மதி.

நான் பழகும் இன்னொரு காரியத்தைச் சொல்கிறேன், வேண்டுமானால் செய்து பார். காலையில் எழுந்ததும், நமக்குப் பிடித்தமான ஒவ்வொன்றையும் நினைத்து, "இது நாளைக்கு இல்லாமல் போகலாம்" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அபசகுனமாகப் படும். அப்படி இல்லை. போகப் போகிறது என்று தெரிந்தால்தான் இருக்கும்போது கவனிப்போம். நான் இன்று காலை நினைத்தவை: குளியலறைக் குழாய் சொட்டுவது. கூரைமேல் புறா நடப்பது. மாமா செய்தித்தாளை மடிக்கும்போது வரும் சரசரப்பு. நீ சிறு வயதில் என்னைக் கூப்பிடும்போது 'அக்கா'வில் கடைசி எழுத்தை இழுப்பாயே, அது.

போன் வேண்டாம் என்று நான் சொன்னதில் உனக்கு வருத்தம் போலிருக்கிறது. வருத்தப்படாதே. எழுது.

அக்கா

ஏப்ரல் 8

அக்கா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போனேன். ஓட்டச் சொல்லவில்லை, சும்மா ஏறி உட்காரச் சொன்னார்கள். அதே எஞ்சின். கழுவித் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். எதிரே வைப்பரின் மூட்டில் நகக்கண் அளவுக்கு வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். என்னிடம் வேலை கற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

உன் தத்துவக்காரர்கள் யாராவது வண்டி ஓட்டியிருக்கிறார்களா? அது கல்லுக்குச் சரிப்படும், அக்கா. எனக்குக் கூடை வேண்டாம். ஒரு வாரம் நீ இங்கே வந்து இரு. எதிரே உட்கார். ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிரு, போதும்.

எப்போது வருகிறாய்?

தம்பி

மே 20

அன்புத் தம்பி,

நானும் மாமாவும் நலம். ஒன்றரை மாதமாக உன் கடிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு பதில் எழுதாமல் இருந்தேன். என்னால் இப்போது வர முடியாது. புதிய பிரிவு, விடுப்புக் கேட்க முடியவில்லை. நம்பு.

கல் என்று எழுதியிருந்தாய். அது மட்டும் சரியில்லை. இதைச் சொன்னவர்களில் ஒருவர் அடிமையாக இருந்தவர், காலை விந்தி நடந்தவர். இன்னொருவர் நாட்டை ஆண்டவர், பெற்ற பிள்ளைகளில் பலரைத் தன் கையாலேயே அடக்கம் செய்தவர். அழாதே என்று அவர்கள் சொல்லவில்லை. அழுகையிலேயே குடியிருக்காதே என்றார்கள். அப்புறம், அவர்கள் தாங்கிக்கொள்வதோடு நிறுத்தவில்லை. மற்றவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது என்று ஒன்று உண்டு, அதைச் செய் என்றார்கள். இதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

ஆகவே கேட்கிறேன். அந்த பெயின்டருக்கு வீடு வாசல் இல்லையா? போய்ப் பார்த்தாயா? மன்னிப்புக் கேட்கப் போகாதே, நீ தப்புச் செய்யவில்லை. ஏன் திரும்பவில்லை என்று உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாயே, அதைத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இருக்கலாம். போ.

உடம்பைப் பார்த்துக்கொள். வரவில்லை என்று என்மேல் கோபப்படு. கடிதத்தை மட்டும் நிறுத்தாதே.

அக்கா

ஜூன் 6

அக்காவுக்கு,

நலம். மாமா நலமா? உன்னைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன்.

போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீடு. சுவர் நாலும் நாலு நிறம். மிச்சம் விழுந்த பெயின்ட்டை வீட்டுக்கு அடித்திருக்கிறார். அந்த அம்மா கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"நீங்கதானா ஓட்டினது?"

"ஆமாங்க."

"உள்ள வாங்க. ஏன் வெயில்ல நிக்கறீங்க?"

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். அவளே கேட்டாள்.

"ஹார்ன் அடிச்சீங்களாமே?"

"கையெடுக்காம அடிச்சேம்மா. சத்தியமா அடிச்சேன்."

"அடிச்சிருப்பீங்க. அவருக்குத்தான் கேட்டிருக்காது."

எனக்குப் புரியவில்லை. அவள் தன் முந்தானையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"காது போயிடுச்சுங்க அவருக்கு. ரெண்டு மூணு வருஷமாவே கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு. எனக்கே தெரியாது. அவரு போனப்புறம், கூட வேலை செஞ்சவங்க வந்து சொன்னாங்க. ஏணியில நிக்கும்போது கூப்பிட்டா திரும்ப மாட்டாராம், ஏணியைத் தட்டித்தான் கூப்பிடுவாங்களாம். வீட்ல சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாராம்."

"உங்களுக்குத் தெரியவே இல்லியா?"

"எம்மேல அலுப்புன்னு நெனச்சேன். நான் ஒண்ணு கேட்டா அவரு ஒண்ணு சொல்வாரு. போன் அடிச்சா என்கிட்ட நீட்டிடுவாரு. நாலு பேர் பேசற எடத்துக்கு வர மாட்டாரு, வந்தாலும் சிரிக்கக் கூடாத எடத்துல சிரிப்பாரு. வயசாயிடுச்சு, நம்மள புடிக்காமப் போச்சுன்னு நான் பாட்டுக்குக் கோவிச்சுக்கிட்டு இருந்தேன். இத்தனை வருஷம் கூட இருந்தவகிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன அவ்வளவு கெட்டவளா?"

எனக்கு ஒரு பக்கம் பாரம் இறங்கியது. என் ஹார்ன் போதவில்லை என்பதில்லை, அது அவரை எட்டவே இல்லை. அந்த நிம்மதியை நினைத்து அந்த வீட்டிலேயே வெட்கப்பட்டேன். ஆனால் அது ஒரு நிமிஷம்தான். போனை நீட்டிவிடுவார் என்று அவள் சொன்னபோதே எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்தேன். போன் வேண்டாம், எழுது. யாரும் பேசாத பிரிவு, நிம்மதி. நாளைக்கு இல்லாமல் போகலாம் என்று நீ எழுதியவை குழாய், புறா, செய்தித்தாள், என் கூப்பாடு. ஒன்றுகூடக் கண்ணால் பார்ப்பது இல்லை. எல்லாமே சத்தம்.

அன்றைக்கு போனில் நான் துக்கம் என்று சொல்லவே இல்லை. தூக்கம் என்றேன்.

அக்கா, உனக்குக் காது கேட்கிறதா?

தம்பி

ஜூலை 1

அக்கா,

பதில் இல்லை. மாமாவுக்கு போன் செய்ய எண்களை அழுத்திவிட்டு நிறுத்திவிட்டேன். நீ அவரிடமும் சொல்லியிருக்க மாட்டாய் என்று தோன்றியது. நான் போட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு வரி எழுது. ஆமாம் அல்லது இல்லை.

தம்பி

ஜூலை 12

தம்பிக்கு,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு எழுந்து போய், பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் தொடங்கியது. முதலில் மங்கியது புறா. அப்புறம் பேருந்தில் பின்னாலிருந்து பேசுகிறவர்கள். டாக்டர் இரண்டு காதும் என்றார். மெதுவாகப் போகும், திரும்பி வராது என்றார். மெஷின் கொடுத்தார். கொஞ்ச நாள் உதவும். மாட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

கோர்ட்டில் உதட்டைப் பார்த்துச் சமாளித்தேன். பிப்ரவரி கடைசியில் ஒரு சாட்சி, வாயைக் கையால் மூடி மூடிப் பேசுகிற பழக்கம் அவருக்கு. "பணத்தை நான்தான் கொடுத்தேன்" என்றார். நான் "எடுத்தேன்" என்று அடித்துவிட்டேன். படித்துக் காட்டும்போது அந்த மனிதர் பதறிப்போய் எழுந்து நின்றார். ஜட்ஜ் திருத்தச் சொன்னார், யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு எழுத்தில் ஒரு மனிதரைத் திருடனாக்கப் பார்த்தேன். மறுநாள் நகல் பிரிவு கேட்டேன். கண் வலி என்று காரணம் எழுதிக் கொடுத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடமும் இல்லை. அவர் குறைவாகப் பேசுகிறவர் என்பது வசதியாகப் போயிற்று. காது போவது என் கையில் இல்லை, கையில் இல்லாததைப் பற்றிப் புலம்பக் கூடாது, வாயை மூடித் தாங்குவதுதான் வீரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்ததை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இனிமேல் எழுதப் போவதற்காக நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே அவர் ஏன் ஒதுங்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதுகு உன் பக்கம், நிதானமாக நடந்தார் என்று எழுதியிருந்தாய். அந்த நடை எனக்குத் தெரியும். நான் அப்படித்தான் நடக்கிறேன். உறுதிப்படுத்திக்கொள்ளத்தான், திரும்பினாரா என்று கேட்டேன். நீ இல்லை என்று எழுதினாய். அன்றே உனக்குச் சொல்லியிருக்கலாம், "அவருக்குக் கேட்கவில்லை, உன் ஹார்னில் குறையில்லை" என்று. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதற்குப் பயந்து சொல்லவில்லை. நீ வாந்தி எடுத்ததைப் படித்தும் சொல்லவில்லை. அந்த அம்மாளிடம் போ என்று உன்னைத் தள்ளிவிட்டேன். என் வாயால் சொல்ல வேண்டியதை அவள் வாயால் சொல்ல வைத்தேன்.

நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

அக்கா

ஜூலை 20

அக்கா,

நான் நலம். நீயும் கேட்கலாம், முகம் இருக்கிறது.

கோபம் வந்தது. கடிதத்தைக் கசக்கினேன். பிறகு நீவி எடுத்தேன். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை, அக்கா. ஒரு வரி போதுமே. இதை ஒரு தடவைதான் சொல்வேன், இனி சொல்ல மாட்டேன்.

உன் கூடையை எனக்கு நீயே கொடுத்தாய், அதனால் நானே கேட்கிறேன். காது போவது உன் கையில் இல்லை. சரி. "எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்வது யார் கையில் இருந்தது? அதையும் சேர்த்து அந்தப் பக்கக் கூடையில் போட்டுவிட்டாயே. தாங்குவது வேறு, மறைப்பது வேறு. அந்த பெயின்டரும் தாங்குகிறோம் என்றுதான் நினைத்திருப்பார். அவர் மறைத்ததை இப்போது நானும் அந்த அம்மாளும் சுமக்கிறோம். நீ சாலையைக் கடக்கும்போது உன் முதுகுக்குப் பின்னால் வருகிற ஓட்டுநரை நினைத்துப் பார். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

மெஷினை எடுத்து மாட்டு.

என் பக்கத்துச் செய்தி. இன்னொரு தடவை ஏறிப் பார்த்தேன். முடியவில்லை. இனி ஓட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஷெட்டில் பிரேக் பரிசோதிக்கிற வேலை தருகிறார்களாம். இருபது வயதில் இந்த வேலை கிடைத்தபோது உன்னிடம்தான் முதலில் ஓடி வந்து சொன்னேன். விட்டதையும் உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். பாடம் எதுவும் எழுதாதே. வருத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மறுபடி அந்த அம்மாளைப் போய்ப் பார்த்தேன். அதே கேள்விதான். "என்கிட்ட ஏன் சொல்லல?" இதற்கு என்னிடம் பதில் கிடையாது. உன்னிடம் இருக்கும். வருகிறாயா? ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன். நீ இறங்குகிற பெட்டிக்கு நேராக, உன் கண்ணில் படுகிற மாதிரி.

தம்பி

செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீயும் உன் வீட்டுக்காரியும் என்னைக் கவனித்துக்கொண்டதற்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை. இருவரும் நன்றாக இருங்கள்.

அன்று அந்த அம்மாள் வீட்டில் நீ வெளியே போய் நின்றுகொண்டாய். உள்ளே என்ன பேசினோம் என்று வழியெல்லாம் நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உன் பக்கத்தில் நடந்துகொண்டு சொல்ல முடிந்திருக்காது.

என் காதில் மெஷினைப் பார்த்ததும் அந்த அம்மாள் நாற்காலியை எனக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை.

"நீங்களாவது சொல்லுங்க. ஏன் மறைச்சாரு?" என்றாள்.

"அவரு மனசு எனக்குத் தெரியாதும்மா. எனக்கு ஏன்னு சொல்றேன். சொல்லிட்டா வீட்ல எல்லாரும் சத்தமாப் பேச ஆரம்பிச்சிடுவாங்க. வீட்டுக்காரரோட குரலே வேற மாதிரி ஆயிடும். கத்திக் கத்தி, ஒவ்வொரு வார்த்தையா. அவரு சாதாரணமாப் பேசறது பாதி கேக்காட்டியும் பரவால்ல, அப்படியே பேசட்டும்னு இருந்துட்டேன்."

"நான் எப்பவுமே மெதுவாத்தான் பேசுவேன்" என்றாள். பிறகு, "அப்ப நான் பேசினது ஒண்ணுமே அவருக்கு விழலியா? இத்தனை நாளு சுவத்துகிட்டயா பேசிட்டு இருந்தேன்?" என்றாள்.

"நீங்க பேசும்போது உங்க முகத்தையே பாப்பாரா?"

"பாப்பாரு. சாப்பிடும்போதுகூட, தட்டைப் பாக்காம என்னையே பாத்துக்கிட்டு இருப்பாரு. இந்த வயசுல என்னத்த அப்படிப் பாக்கறன்னு திட்டுவேன்."

"அதாம்மா அவரு கேட்டது."

அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்குக் காது போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து நான் அழுததில்லை, தம்பி. படித்த எதுவும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை, நான் தேடவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எம்மேல அலுப்பு இல்ல" என்றாள் அவள். என்னிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நீ ஓட்டுவதை விட்டதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. வருத்தமாக இருக்கிறது என்றாய். எனக்கும் வருத்தமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, மாமா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி ஏதோ சொன்னார். மெஷின் மேசைமேல் இருந்தது. எப்போதும் போல "சரி" என்று சொல்லத்தான் வாய் போயிற்று.

"திரும்பிச் சொல்லுங்க, எனக்குக் கேக்கல" என்றேன். "ரெண்டு வருஷமாவே சரியாக் கேக்கல."

அவர் உடனே திரும்பவில்லை. செருப்பைக் கழற்றினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, என் எதிரே உட்கார்ந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

"தெரியும்" என்றார். "நீயா சொல்லுவன்னு ஒரு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன்."

பிறகு, கத்தாமல், அவசரப்படாமல், என் முகத்தைப் பார்த்து, வாசலில் சொன்னதை மறுபடி சொன்னார்.

"பால் தீந்துபோச்சு."

அக்கா